சிறுவரும் மண்வளமும்: குறிஞ்சாக்கேணியில் ஒரு பாடம்

எமது மாவட்டத்தில் பல பாடசாலைகளின் நாள் புகையோடு தொடங்குகின்றது. பிள்ளைகள் வந்ததும் ஈர்க்குமாற்றை எடுத்து வளவைக் கூட்டுகின்றனர். வேம்பு, மா, வாகைச் சருகுகள் மதிலோரம் குவிகின்றன. யாரோ ஒருவர் தீக்குச்சியைக் கிழிக்கின்றார். காலை ஒன்றுகூடலுக்கு மணி அடிக்கும்போது சருகு சாம்பலாகிவிடும். பின்னர் அதே பிள்ளைகள் வகுப்பில் அமர்ந்து, 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' புத்தகத்தைத் திறந்து, மண் ஓர் அரிய வளம், அதைப் பாதுகாக்க வேண்டும் என்று கற்கின்றனர். ஒரே காலையில் இரண்டு பாடங்கள். இவற்றுள் எது பிள்ளையின் மனத்தில் தங்கும் என்பதை ஆசிரியர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு மண்வளத்தையும், மண்ணைக் கெடுக்காத கமத்தொழிலையும் எவ்வாறு கற்பிக்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள். கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியில் 3ஆம், 4ஆம், 5ஆம் தர ஆசிரியர்களோடும் பிள்ளைகளோடும் நாம் செய்து பார்த்தவற்றை இங்கு எழுதுகின்றோம். பிழைத்துப் போனவற்றையும் மறைக்கவில்லை. ஊரின் பெயரிலேயே ஒரு கொடியும் ஒரு நீர்நிலையும் இருக்கின்றன. குறிஞ்சா இலையை வறை செய்து உண்டவர்கள் அதன் கசப்பை அறிவர். வயல், மேட்டுநிலம், மாடு, தோணி ஆகியவற்றை நம்பி வாழும் ஊர் இது. மக்களிற் பெரும்பாலானோர் இஸ்லாமியர்.

நாட்டின் பிற பகுதியினர் இவ்வூரின் பெயரைக் கேட்டது 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி. புதிய பாலத்தின் வேலை முடியாதிருந்த வேளையில், மக்களை ஏற்றி இறக்கிய படகுப்பாதை அன்று காலை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் நீரில் மாண்டனர். மறுநாள், நவம்பர் 24ஆந் திகதி, இரசாயனப் பசளை இறக்குமதிக்கு விதித்திருந்த தடையை நீக்குவதாக அரசு அறிவித்தது. அவ்வாண்டு மே மாதம் 6ஆந் திகதி வர்த்தமானி மூலம் வந்த தடை அது. சாவீடாகியிருந்த ஊருக்கு அன்று அந்தச் செய்தி பெரிதாய்த் தோன்றியிராது. ஆயினும் பெரும்போகம் தொடங்கிவிட்டிருந்தது. 2020/21 பெரும்போகத்தில் நாடு முழுவதும் ஏறத்தாழ 30 இலட்சம் தொன் நெல் கிடைத்தது. 2021/22 பெரும்போகத்தில் அது 20 இலட்சம் தொன்னுக்குக் கீழே இறங்கியது. அடுத்து வந்த 2022ஆம் ஆண்டில் பசளை விலை பன்மடங்காக ஏறியதையும் கமக்காரர் மறந்திருக்கமாட்டார்.

இதிலிருந்து சிலர், சேதனப் பசளை என்பது வெறும் பேச்சு என்ற முடிவுக்கு வந்தனர். வேறு சிலர், இரசாயனப் பசளை நஞ்சு, தடை நீடித்திருக்க வேண்டும் என்று இன்னும் வாதாடுகின்றனர். நாம் இரு பக்கமும் இல்லை. எமது பார்வையில் தவறு வேறிடத்தில் இருந்தது. ஒரு கட்டளையால் ஆறு மாதத்தில் மண்ணை மாற்றிவிடலாம் என்று எண்ணியதே தவறு. அப்படி எண்ணியவர்களும் ஒரு காலத்தில் ஆரம்பப் பாடசாலையில் மண்ணைப் பற்றிப் படித்தவர்களே. கமக்காரர் பக்கமும் அறிவு தேய்ந்துதான் இருந்தது. 1962இல் பசளை மானியம் தொடங்கியது. 2005இன் பின்னர் 50 கிலோ மூடை ஒன்று நெற் செய்கையாளருக்கு 350 ரூபாவுக்குக் கிடைத்தது. ஏழைக் கமக்காரருக்கு அது பெரிய உதவி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மண்ணைப் பற்றிய எந்தக் கேள்விக்கும் விடை ஒரு மூடைதான் என்ற பழக்கமும் அதனோடு வீட்டுக்கு வந்தது.

மண் என்ன விலை?

"மண் என்றால் என்ன?" என்று 4ஆம் தரத்தில் கேட்டோம். ஒரு சிறுவன் எழுந்து கியூப் ஒன்றின் விலையைச் சொன்னான். ஆசிரியை அவனை இருத்தப் பார்த்தார். நாம் தடுத்தோம். அவன் சொன்னது பிழையன்று. மகாவலி கொட்டியாரக் குடாவோடு கலக்கும் இப்பகுதியில், பேச்சு வழக்கில் மண் என்பது ஆற்றில் அள்ளி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி விற்கும் மணலே. பல வீடுகளில் அடுப்பு எரிவது அதனால்தான். வரைவிலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதி அவனுடைய மண்ணை அழிப்பதைவிட, அவனுடைய மண்ணிலிருந்தே தொடங்குவது நல்லது என்று கண்டோம்.

எனவே முதற் பாடம் வகுப்பறைக்கு வெளியே நடக்க வேண்டும். பிள்ளைகள் மூன்று இடங்களிலிருந்து ஒவ்வொரு பேணி மண் எடுத்து வரட்டும்: களப்போரத்து மணல், வயல் மண், நெடுங்காலம் சருகு விழுந்து கிடக்கும் ஒரு மரத்தின் கீழ்மண். வெள்ளைத் தாளில் மூன்றையும் பரப்பி, தொட்டும் மணந்தும் பார்க்கட்டும். ஈரமாக்கி உருண்டை பிடிக்கச் சொல்லுங்கள். மணல் உருண்டையாகாது. வயல் மண் உருண்டையாகும், விரலிடையில் நீட்டினால் நாடா போலவும் வரும். மரத்தின் கீழ்மண் கறுத்து, மழை பெய்த மணத்தோடு இருக்கும். அதில் ஏதாவது நகரும். நகர்வதைக் கண்டதும் வகுப்பின் சத்தம் மாறுவதை ஆசிரியர்கள் அவதானிப்பர்.

அடுத்து போத்தற் சோதனை. கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணை இட்டு, நீர் நிரப்பி, மூடிக் குலுக்கி வைக்கவேண்டும். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் இருந்துவிடும். அதன் மேல் வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி மறுநாளும் நீரைக் கலக்கியபடி நிற்கும். சருகுத் துண்டுகள் மேலே மிதக்கும். 5ஆம் தரத்தில் அடிமட்டத்தால் ஒவ்வொரு படையையும் அளந்து பின்னமாக எழுதுவித்தோம். கணிதப் பாடத்துக்கும் அது உதவியது.

மூன்றாவது சோதனையைத்தான் பிள்ளைகள் மீண்டும் மீண்டும் கேட்டனர். இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களை நடுவில் வெட்டி, வாய்ப்பக்கத்தைக் கவிழ்த்து, துணியால் வாயைக் கட்டுங்கள். ஒன்றில் வெறும் மணல். மற்றதில் அதே மணலோடு மூன்றில் ஒரு பங்கு உக்கிய சருகு. இரண்டிலும் ஒரே அளவு நீரை ஒரே நேரத்தில் ஊற்றுங்கள். மணலில் ஊற்றிய நீரிற் பெரும்பகுதி விரைவில் கீழே வந்துவிடும். மற்றதில் சொட்டுச் சொட்டாக வரும், அளந்தால் குறைவாகவும் இருக்கும். "மிச்சத் தண்ணி எங்க போச்சு?" என்று கேட்டோம். "சருகு குடிச்சிட்டுது" என்றாள் ஒரு சிறுமி. ஆண்டின் மழையிற் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் தை வரை கொட்டித் தீர்ந்து, பின் கச்சான் காற்று மாதக்கணக்கில் உலர்த்தும் இந்நிலத்தில், அவள் சொன்னதே சேதனப் பொருளின் முதற் பயன். பசளை மூடை பயிருக்கு ஊட்டம் தரும். மணலைத் தண்ணீர் குடிக்க வைக்க அதனால் முடியாது.

உப்பைப் பற்றியும் இப்பக்கத்துப் பிள்ளைகள் அறியவேண்டும். இரண்டு சிரட்டைகளில் ஈரத் துணி விரித்துப் பயறு போடுங்கள். ஒன்றுக்கு நல்ல கிணற்று நீர், மற்றதற்குக் களப்பு நீர். மூன்று நாளில் வித்தியாசம் தெரியும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் கிண்ணியாவுக்குள் வந்ததை இன்றைய பிள்ளைகள் கண்டதில்லை. கடல் ஏறிய நிலமும் கிணறும் எப்படி இருந்தன, அதன்பின் எத்தனை மழைக்குப் பிறகு பயிர் வந்தது என்பதை வீட்டிலுள்ள மூத்தம்மாவிடம் கேட்டுவரச் சொன்னோம். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொரு கணக்கு வந்தது. மேட்டில் இருந்த வளவுக்கும் பள்ளத்தில் இருந்த வளவுக்கும் வேறுபாடு இருந்ததைப் பிள்ளைகளே கண்டுபிடித்தனர். உப்பைக் கழுவ மழை மட்டும் போதாது, கழுவிய நீர் வடிந்து போக வழியும் வேண்டும்.

புதைத்த துணி

மண் உயிருள்ளது என்பதைச் சொல்லிக் கொடுப்பது இலகு, காட்டுவது கடினம். நுணுக்குக்காட்டி இல்லாத பாடசாலைக்கு ஒரு வழி உண்டு. பருத்தித் துணித் துண்டுகளை ஒரு சாண் ஆழத்தில் பல இடங்களிற் புதைத்து, இரண்டு மாதம் கழித்துத் தோண்டி எடுத்துப் பார்ப்பது. மேலைநாடுகளில் கமக்காரர் இதற்குப் பருத்தி உள்ளாடையைப் புதைக்கின்றனராம். நாம் அவ்வளவுக்குத் துணியவில்லை. வீட்டில் கிழிந்து கிடக்கும் வெள்ளைச் சீருடைத் துணியைக் கொண்டுவரச் சொன்னோம்.

இரண்டு மாதம் கழித்துத் தோண்டியபோது எல்லாத் துண்டுகளும் கழுவினால் மீண்டும் அணியலாம் என்ற நிலையில் வந்தன. வேப்பமரத்தின் கீழ்ப் புதைத்ததும் அப்படியே. "அப்ப எங்கட மண் எல்லாம் செத்துப் போச்சா, ஃபாதர்?" என்று கேட்டனர். எமக்கு விடை தெரியவில்லை. பிறகுதான் ஆசிரியை ஒருவர் துணியின் நூலைப் பிரித்து நெருப்பில் காட்டினார். உருகிக் கட்டியாயிற்று. சீருடைத் துணியிற் பாதிக்கு மேல் பொலியெஸ்டர். அதை எந்த நுண்ணுயிரும் தின்பதில்லை. அந்த ஆண்டு பிள்ளைகள் மண்ணைவிடத் துணியைப் பற்றி அதிகம் கற்றனர் என்றே சொல்லவேண்டும்.

மறுமுறை பழைய பருத்திச் சாரத் துண்டுகளைப் புதைத்தோம். நான்கு இடங்கள்: மரத்தின் கீழ், மரக்கறிப் பாத்தியில், விளையாட்டு மைதானத்தில், நாள்தோறும் சருகு எரிக்கும் மதிலோரத்தில். மரத்தின் கீழிருந்து வந்தது துணியன்று, சிலந்தி வலை போன்ற ஒன்று. மைதானத்துத் துணியும் எரித்த இடத்துத் துணியும் கறை பட்டிருந்தனவேயன்றிக் கிழியவில்லை. நாம் ஒன்றும் விளக்கவில்லை. அடுத்த நாட் காலை, கூட்டிய சருகை என்ன செய்வது என்ற கேள்வியைப் பிள்ளைகளே அதிபரிடம் கொண்டு சென்றனர்.

செய்ய விரும்பும் ஆசிரியருக்கு ஒரு குறிப்பு. கடும் வெயிற் காலத்தில் புதைத்தால் துணி உக்காது, ஈரம் வேண்டும். நீர் தேங்கும் பள்ளத்திலும் உக்காது, காற்று வேண்டும். மூன்றாம் தவணையில் மழை தொடங்கும்போது மேடான இடத்திற் புதைப்பதே பொருத்தம்.

மண்புழுவையும் எண்ணலாம். மழை விட்டபின் ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழத்துக்கு மண்ணை வெட்டிச் சாக்கில் பரப்பி எண்ணவேண்டும். சாள்ஸ் டார்வின் மண்புழுவை ஏறத்தாழ 40 ஆண்டுகள் அவதானித்து 1881இல் ஒரு முழு நூல் எழுதினார். ஓர் ஏக்கரில் ஆண்டுக்குப் பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே செல்கின்றது என்று இங்கிலாந்து நிலங்களில் அவர் கணக்கிட்டார். ஆனால் எமது கடலோர மணலில் புழு இல்லையென்றால் அது தோட்டக்காரரின் குற்றமன்று. மணல் புழுவுக்கு ஏற்ற வீடன்று. நீர் நின்ற வயலிலும் தேடவேண்டாம். பிள்ளைகள் ஏமாந்து போகாதபடி இதை முன்னரே சொல்லிவிடுவது நல்லது.

சருகுக் குவியல்

கூட்டெரு செய்யும் முறை பல கைந்நூல்களில் உண்டு. ஆகவே சுருக்கமாகச் சொல்வோம். எமது பகுதியில் மாரிக்குக் குழி வேண்டாம், நீர் நிரம்பிவிடும். நிலத்தின் மேல் குவியல் அமைக்கலாம். கோடையில் குழி நல்லது. காய்ந்த சருகும் வைக்கோலும் இரண்டு மூன்று பங்கு, பச்சை இலையும் சாணமும் ஒரு பங்கு. வாழைத்தண்டு, வாய்க்காலில் மண்டும் ஆற்றுவாழை, கிளிசிரிடியாக் குழை எல்லாம் சேரும். மீன் கழிவு மிக நல்ல எரு. ஆனால் நடுவில் ஆழப் புதைத்து, மேலே காய்ந்த சருகை நன்றாகப் போடாவிட்டால் ஊர் நாய்கள் எல்லாம் பாடசாலைக்கு வரும். நாம் இதை அனுபவத்தால் அறிந்தோம். குவியல் மூன்றடி உயரமேனும் இருந்தாற்றான் உள்ளே சூடேறும். ஒரு வாரத்தின் பின் நடுவில் செருகிய தடியை உருவி, பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்க்கட்டும். நெருப்பு மூட்டாமல் தடி சுடுவது எப்படி என்று அவர்கள் கேட்பர். அந்தக் கேள்விக்காகவே குவியல் செய்யலாம். டொபி உறையும் ஷொப்பிங் பையும் உள்ளே போனால் மூன்று மாதத்தின் பின் அப்படியே வெளியே வரும். அதுவும் ஒரு பாடம்.

கிளிசிரிடியா என்றதும் ஒருவரை நினைவுகூரவேண்டும். பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924 – 2010) இளமையில் 'லாண்ட்மாஸ்டர்' என்ற இரு சில்லு உழவு இயந்திரத்தை வடிவமைத்தவர். அது பல நாடுகளில் ஓடியது. பின்னர் வெப்பமண்டல நிலத்தில் உழவு இயந்திரம் மண்ணைக் குலைப்பதைக் கண்டு, தம் பாதையையே மாற்றிக்கொண்டார். மண்ணை மூடிவைக்கும் கமத்தையும், வேலியிலும் சரிவிலும் கிளிசிரிடியா நடுவதையும் இறுதிவரை எடுத்துரைத்தார். தாம் உருவாக்கிய இயந்திரத்தைப் பற்றியே கேள்வி எழுப்பிய அவரது கதையை 5ஆம் தரத்தில் சொன்னபோது பிள்ளைகள் கூர்ந்து கேட்டனர். பெரியவர் ஒருவர் தம் பிழையைத் தாமே சொல்வதை அவர்கள் அடிக்கடி கேட்பதில்லை போலும்.

வாப்பா எரிக்கும் வைக்கோல்

இங்கேதான் நாம் கவனமாக நடக்கவேண்டியிருந்தது. எரிப்பது மண்ணுக்கு நல்லதன்று என்று வகுப்பில் தெளிவானதும் ஒரு சிறுவன் கேட்டான்: "எங்கட வாப்பா வயல்ல வைக்கோலை எரிக்கிறவர், ஃபாதர். அது பிழையா?"

வைக்கோலை எரித்தால் அதிலுள்ள நைதரசனில் ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடுகின்றது. அறுவடையான பயிர் மண்ணிலிருந்து எடுத்த பொற்றாசியத்தின் பெரும்பங்கு வைக்கோலில்தான் இருக்கின்றது. அது வயலுக்குத் திரும்ப வேண்டும் என்பதே விவசாயத் திணைக்களத்தின் அறிவுரை. இது உண்மை. ஆனால் அந்த உண்மையை ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்துத் தந்தைக்கு எதிராக அனுப்புவது எமது வேலையா? பிள்ளையை வைத்துப் பெற்றோரைத் திருத்தலாம் என்று அபிவிருத்திப் பணியாளர் பலர் எண்ணுகின்றோம். எமக்கு அது உவப்பாயில்லை. வீட்டில் அவமானப்பட்ட தந்தை அடுத்த வாரம் பிள்ளையை மண்வெட்டியோடு பாடசாலைக்கு அனுப்பமாட்டார்.

"வாப்பா ஏன் எரிக்கிறார் என்று அவரிடம் கேட்டுவா" என்றோம். கேட்டு வந்தான். முன்னொரு காலத்தில் களத்திற் சூடு மிதித்தபோது வைக்கோல் ஓரிடத்திற் போராகக் கிடந்தது. மாடு தின்றது, மிச்சம் உக்கியது. இப்போது அறுவடை இயந்திரம் வயல் முழுவதும் வைக்கோலைக் கொட்டிவிட்டுப் போகின்றது. கூட்டி அள்ள ஆள் இல்லை. கூலி கட்டாது. அடுத்த போகத்துக்குக் குளத்துத் தண்ணீர் திறக்கும் திகதி நெருங்குகின்றது. உழும்போது வைக்கோல் சில்லில் சுற்றுகின்றது. ஒரு தீக்குச்சி எல்லாவற்றையும் தீர்த்துவிடுகின்றது. எந்த நூலிலும் நாம் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

அவ்விடையைக் கரும்பலகையில் எழுதி, வகுப்பு முழுவதும் சேர்ந்து யோசித்தோம். ஒரு வரம்போரம் மட்டும் எரிக்காமல் விட்டுப் பார்க்கலாமா? மாட்டுக்காரர் யாராவது வந்து அள்ளிச் செல்வாரா? தண்ணீர் திறக்க இரண்டு கிழமை முன்னதாக வைக்கோலை ஈரமண்ணோடு உழுதுவிட்டால் உக்குமா? சிறுவனின் தந்தை மூலை வயலில் ஒரு துண்டை எரிக்காமல் விட்டார். முழு வயலையும் அல்ல. அவ்வளவே.

பாவ்லோ ஃபிரெய்ரே 1969இல் சிலி நாட்டில் வெளியிட்ட நூலொன்றில் விவசாய விரிவாக்கப் பணியையே எடுத்து ஆராய்ந்தார். அறிந்தவர் அறியாதவருக்கு அறிவை நீட்டிக் கொடுக்கும் முறையில் கமக்காரர் வெறும் பாத்திரமாகிவிடுகின்றார் என்பது அவர் முறையீடு. குருமடத்தில் அவரைப் படித்தபோது நாம் உற்சாகமாய்த் தலையசைத்தோம். தலையசைப்பதற்கும், ஒரு சிறுவனின் வாப்பாவிடம் பாடம் கேட்பதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கின்றது.

ஒரு மூடையும் நாற்பத்தாறு மூடையும்

5ஆம் தரத்தில் இந்தக் கணக்கைச் செய்வித்தோம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். 50 கிலோ மூடையில் எவ்வளவு? 23 கிலோ. நன்றாக ஆக்கிய கூட்டெருவில் நூற்றுக்கு ஒரு பங்கு என்று கொள்வோம், சிலவேளை ஒன்றரை இருக்கும். 23 கிலோ நைதரசனுக்கு எவ்வளவு கூட்டெரு? 2,300 கிலோ. 50 கிலோ மூடைகளாகக் கட்டினால் 46 மூடை. அதிலும் முதற் போகத்தில் ஒரு பகுதிதான் பயிருக்குக் கிடைக்கும், மிச்சம் மெல்ல மெல்லவே வெளிவரும். ஒரு தொன் நெல் விளையப் பயிர் 15 முதல் 20 கிலோ வரை நைதரசனை எடுக்கின்றது. எங்கள் குவியலில் மூன்று மாதத்தில் கிடைத்ததோ ஆறு மூடை.

விடையைக் கண்டு பிள்ளைகள் வாய் பிளந்தனர். ஆசிரியர் ஒருவர், இதைச் சொன்னால் இனி யார் கூட்டெரு செய்வார் என்று எம்மிடம் வருந்தினார். மறைத்திருந்தால் 2021ஆம் ஆண்டின் தவறையே வகுப்பறையில் நாமும் செய்திருப்போம். இந்தக் கணக்கைப் பத்து வயதில் போட்ட பிள்ளை, ஒரே போகத்தில் நாடு முழுவதும் மூடையை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், குவியல் எங்கே என்று கேட்கும். நீர்வார்த்த இரு போத்தல்களையும் கண்ட அதே பிள்ளை, மூடை மட்டும் போதும் என்பதையும் நம்பாது. சிறிது சிறிதாக, ஆண்டுதோறும், இருக்கும் மூடையைக் குறைத்தும் குவியலைக் கூட்டியும் போகவேண்டிய வழி அது. வெப்பமான எமது நிலத்தில் இட்ட சேதனப் பொருள் விரைவிற் கரைந்துவிடுவதால், ஒருமுறை இட்டு ஓய்ந்திருக்கவும் முடியாது.

இவ்விரண்டுக்கும் இடையில் மற்றொரு வழியையும் பிள்ளைகள் கையாற் பிடுங்கிப் பார்க்கலாம். பயறு, கௌபி, கச்சான் செடியை வேரோடு மெதுவாகக் கிளப்பி, மண்ணைக் கழுவினால் வேரில் சிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். எமது குருதியின் செந்நிறப் பொருளை ஒத்த ஒன்று அது. அச்சிவப்பு இருந்தால், காற்றிலுள்ள நைதரசனை அங்கு வாழும் பற்றீரியா பயிருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கின்றது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. நெல் வெட்டிய வயலில் எஞ்சிய ஈரத்தில் பயறு விதைப்பது எம் முன்னோர் அறியாததன்று.

இதற்குப் புள்ளி உண்டா?

பெற்றோர் கூட்டத்தில் முதலில் எழுந்த கேள்வி இது. 5ஆந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை இருக்கும் நாட்டில் அதைக் குறைகூற முடியாது. ஆற்றைக் கடந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய், அவன் மண்வெட்டி பிடிப்பதற்காக அனுப்பவில்லை. மண்வெட்டியிலிருந்து விடுபடுவதற்கே அனுப்புகின்றார். தோட்டவேலையை ஏழைப் பிள்ளைக்கு உரிய கல்வியாக்கிவிடும் அபாயமும் உண்டு. அதற்காக நாம் வைத்த நிபந்தனை ஒன்றே: மண்வெட்டி பிடிப்பதோடு பாடம் முடியக்கூடாது, அளக்கவும் எழுதவும் கணக்கிடவும் வேண்டும். இதை விளக்கியபின் சில தாய்மார் சமாதானமடைந்தனர். எல்லோரும் அல்ல. உலக மண் தினமாகிய டிசம்பர் 5ஆந் திகதி ஒரு சித்திரப் போட்டியும் பேச்சுப் போட்டியும் வைத்தால் போதாதா என்றும் கேட்டனர். மண்ணைத் தொடாமல் மண்ணைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்குவதில் எமக்கு விருப்பமில்லை.

கத்தோலிக்கக் குருவான நாம் இஸ்லாமியப் பிள்ளைகளிடம் சமயம் பேசப் போகவில்லை. ஆனால் மண்ணைப் பேசும்போது அது தானாகவே வந்தது. முதல் மனிதனை இறைவன் எதனாற் படைத்தான் என்று ஓர் ஆசிரியர் கேட்டார். "களிமண்ணால், ஆதம் நபியை" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது. எபிரேய மொழியில் நிலத்துக்கு 'அதாமா' என்று பெயர், எமது வேதத்தில் ஆதாம் என்ற பெயர் அதனோடு சேர்ந்தது என்று நாம் சொன்னோம். விபூதிப் புதனில் நாம் நெற்றியில் இடும் சாம்பலைப் பற்றியும் கேட்டார்கள், சொன்னோம். பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலில் உள்ளவற்றை அவர்களுக்கு நாம் எடுத்துரைக்கத் தேவை ஏற்படவில்லை.

இறுதியாக ஒரு நடைமுறைச் சிக்கல். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை. அந்த மாதம் கோடையில் வந்தால் குவியல் காய்ந்து வேலை நின்றுவிடும். வாரத்துக்கு இருமுறையாவது நீர் தெளிக்க யாராவது வேண்டும். குறிஞ்சாக்கேணியில் வேலிக்கு அப்பால் இருக்கும் வீட்டுக்கார உம்மா ஒருவரைப் பிள்ளைகளே போய்க் கேட்டனர். அவர் சம்மதித்தார். பதிலுக்கு அவர் கேட்டது, தம் முருங்கைக்கு இரண்டு கூடை எரு.